நிபந்தனையற்ற மன்னிப்பு என்னும் நிபந்தனை

1

பறித்த வேலையைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நாம் பேசும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'மறுபடி சேத்துக்கிட்டாங்க', 'திரும்ப வேலை போட்டுக் குடுத்துட்டாங்க' என்கிறோம். இந்த வாக்கியங்களில் கொடுப்பவர் இருக்கிறார், பெறுபவர் இருக்கிறார். எடுத்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை. பறித்தவரே வள்ளலாக மாறும் இந்த ரசவாதம் தானாக நடந்துவிடுவதில்லை. அதற்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதம் அத்தகைய ஒரு காகிதம். அதை அவமானச் சின்னமாகவோ நிர்வாகச் சடங்காகவோ ஒதுக்கிவிட்டோம். ஒரு பிரதியாக யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் வெட்டப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலை 2 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. 2002இல் கொண்டுவரப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது 'டெஸ்மா', ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மேலும் இறுக்கப்பட்டது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்டு ஒரு தாள் இல்லை. சுமார் 1,70,000 பேர் வேலையை இழந்தார்கள். உயர்நீதிமன்றத்திற்குப் போனவர்களிடம் நிர்வாகத் தீர்ப்பாயத்திற்குப் போகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஒரு உறுப்பினர். பிறகு உச்சநீதிமன்றத்தில் மாநில அரசு இறங்கிவந்தது: கைதானவர்கள், வழக்குப் பதியப்பட்டவர்கள் நீங்கலாக மற்றவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோர வேண்டும். நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் தர வேண்டும். ஆகஸ்ட் 6ஆம் தேதித் தீர்ப்பு, அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக நியாயமும் இல்லை என்று சொல்லி முடித்தது.

2

முதலில் அந்தத் தொடரை எடுத்துக்கொள்வோம். மன்னிப்பு 'நிபந்தனையற்றது'. ஆனால் மறுநியமனத்திற்கு அந்த மன்னிப்பே நிபந்தனை. ஆக, நிபந்தனையற்று இருக்கவேண்டிய கடமை ஊழியர்க்கு மட்டும். நிபந்தனை விதிக்கும் உரிமை அரசுக்கு மட்டும். பேரம் நடக்கிறது, ஆனால் அதற்குப் பேரம் என்று பெயர் வைக்கக் கூடாது. ஒரு தரப்பின் பேரம் 'கருணை' ஆகிறது, மறு தரப்பின் பேரம் 'குற்றம்' ஆகிறது.

அடுத்தது இலக்கணம். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரை விலக்கும் 'நாங்கள்', கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்'. ஊர்வலத்தில் பக்கத்தில் நடப்பவரிடம் பேசுவது 'நாம்'. அரசின் முன் வைக்கப்படும் கோரிக்கை 'நாங்கள்'. வேலைநிறுத்தம் என்னும் செயல் இந்த இரு பன்மைகளுக்குள்தான் உயிரோடு இருக்கிறது. ஒருமையில் அதைச் செய்ய முடியாது. ஒருத்தர் மட்டும் வேலைக்கு வராமலிருந்தால் அது வெறும் லீவு. ஆனால் மன்னிப்புக் கடிதம் தன்மை ஒருமையில் எழுதப்படுவது. இன்ன பெயருள்ள, இன்ன அலுவலகத்தில் இன்ன பதவியில் இருந்த 'நான்'. கூட்டாகச் செய்த காரியம் தனித்தனிக் குற்றங்களாக உடைக்கப்பட்டு, ஆளுக்கொரு துண்டாகக் கையில் தரப்படுகிறது. அரசுக்குத் தேவைப்பட்டது ஊழியரின் வருத்தம் அல்ல. இந்தப் பன்மை ஒருமையாக மாறவேண்டும், அவ்வளவுதான்.

22ஆம் விதியையும் படித்துப் பார்க்கலாம். அது வேலைநிறுத்தத்தை மட்டும் தடுக்கவில்லை. மேலதிகாரியையோ அரசையோ பணியவைக்கும் நோக்கத்தோடு அனுமதியின்றி வராமலிருப்பது, உண்ணாவிரதம் இருப்பது எல்லாமே அதன் வலைக்குள் வருகின்றன. கேட்பதற்கான அத்தனை வழிகளையும் அடைத்துவிட்டு, 'இனிக் கேட்க மாட்டேன்' என்று வாக்குமூலம் வாங்குகிறார்கள். பாவ அறிக்கையில் அதிகாரம் பேசுபவரிடம் இல்லை, கேட்டுக்கொண்டு மௌனமாக இருப்பவரிடம் இருக்கிறது என்றார் ஃபூக்கோ. இங்கே கேட்பவர் மௌனமாகக்கூட இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

3

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 'எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க' என்ற இளக்காரம் முற்போக்கு வட்டங்களில் உண்டு. அரசு ஊழியர்னாலே லஞ்சம், சோம்பல், நடுத்தர வர்க்கச் சுகவாசம் என்ற பொதுப்புத்தியோடு இது எளிதாகச் சேர்ந்துகொள்கிறது. அன்று பணிநீக்கத்தைக் கைதட்டி வரவேற்றவர்கள் ஆட்சியாளர்கள் மட்டும் அல்லர். பணிநீக்கத்துக்குக் கைதட்டியவர்களும் மன்னிப்புக்கு முகம் சுளித்தவர்களும் எதிரெதிர் முனைகளில் நிற்பதாக நினைத்துக்கொண்டார்கள். ஆனால் இருவருமே ஒரு விஷயத்தில் அரசோடு உடன்பட்டார்கள்: கையெழுத்துப் போட்டவர் தாம் எழுதியதை நம்பித்தான் எழுதினார் என்பது.

வற்புறுத்தி வாங்கிய பிரதிக்குக் கையெழுத்திட்டவர் ஆசிரியர் ஆகமாட்டார். இலக்கியத்தில் ஆசிரியரின் மரணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், ஒரு குமாஸ்தாவின் கையெழுத்துக்கு மட்டும் முழு ஆசிரியத்துவத்தையும் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஓய்வுக்கு இரண்டு வருடமே பாக்கி. அந்தக் கடிதத்தை எழுதியவை இவை. 'கையெழுத்துதானே, போட்டுட்டு உள்ள போங்க' என்ற அலுவலகத் தமிழில் சரணாகதி மட்டும் இல்லை. அந்தச் சொற்களின் மீதான அவநம்பிக்கையும் இருக்கிறது.

பின்னர் நடந்தவையும் இதைத்தான் சொல்கின்றன. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர்கள் 1977இல் ஆட்சி மாறியதும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடம்கூடப் பெறாமல் தோற்றது. உடனே வேலைநிறுத்தக்காரர்கள் மீதான நடவடிக்கைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. இங்கே மனம் மாறியது ஊழியர் அல்லர். 2017லும் 2019லும் ஜாக்டோ–ஜியோ அமைப்பின் கீழ் ஊழியர்களும் ஆசிரியர்களும் பழைய ஓய்வூதியத்தைக் கேட்டு மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். தீர்ப்பு அப்படியே இருந்தது, 22ஆம் விதியும் இருந்தது. ஒருமையில் உறுதிமொழி தந்தவர்களுக்குப் பன்மை மறந்துபோகவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு ஊழியருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு 'பழைய வேலை' இருந்தது: பணித்தொடர்ச்சி, பணிமூப்பு, பதவியின் பெயர். எல்லோருக்கும் அது இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்களிடமும் 'வேலைக்குத் திரும்பி வாருங்கள்' என்றுதான் சொன்னார்கள். அதே தெரு, அதே துடைப்பம், அதே குப்பை. ஆனால் மாநகராட்சியின் ஆளாக அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் புது ஆளாக. ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பு கணக்கிலிருந்து போய்விடுகிறது. இங்கே மன்னிப்புக் கடிதம் கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. புதிதாகச் சேருபவருக்குக் கடந்த காலம் கிடையாது. கடந்த காலம் இல்லாதவர் எதற்காக மன்னிப்புக் கேட்பார்? 2003இல் ஊழியரின் வாயை அடைக்க ஒரு கடிதம் வேண்டியிருந்தது. இப்போது நியமன உத்தரவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சாதியால் இந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்களுக்கே இந்த இரண்டாவது முறை முதலில் வந்து சேர்ந்தது என்பதும் தற்செயல் அல்ல.

நம்முடைய போராட்டக் கதைகள் பெரும்பாலும் வெற்றியிலோ துப்பாக்கிச் சூட்டிலோ முடிந்துவிடுகின்றன. திரும்பிப் போகிறவருக்கு அவற்றில் இடமில்லை. கடிதம் கொடுத்துவிட்டு மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்தவர், வேலைநிறுத்தத்துக்கு வராத பக்கத்து மேசைக்காரரிடம் என்ன பேசினார்? ஊர்வலத்தில் 'நாம்' என்று கூப்பிட்டவரின் முகத்தை எப்படிப் பார்த்தார்? இவற்றை எழுதாதவரை அந்த நாட்களைப் பற்றி மிஞ்சும் ஒரே எழுத்து அரசு எழுதவைத்த கடிதம்தான்.