பீட்டரின் நிறமும் கீட்ஸின் மௌனமும்

ஒரு புத்தகம் முழுக்கக் கறுப்புச் சிறுவன் ஒருவன் நடந்து போகிறான். அவன் கறுப்பன் என்று ஒரு சொல்கூடப் பிரதியில் கிடையாது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1962இல் வெளிவந்த 'தி ஸ்னோயி டே' பற்றித்தான் சொல்கிறேன். குழந்தைப் புத்தகத்தில் என்னய்யா அரசியல் என்று கேட்கிறவர்கள் இன்னமும் நம்மிடையே உண்டு. அவர்கள் கெடக்கட்டும். பிரச்சினை, இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது என்பது.

1963இல் அமெரிக்காவின் கால்டிகாட் பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1965இல், நான்சி லாரிக் என்ற வெள்ளைக் கல்வியாளர் 'சாட்டர்டே ரிவ்யூ'வில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 குழந்தை நூல்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பராவது தென்படுகிறவை 349 மட்டுமே, அதாவது 6.7 சதவீதம். அக்கட்டுரை கீட்ஸையும் விடவில்லை. பீட்டரின் நிறத்தைச் சொற்கள் சொல்ல மறுக்கின்றன என்றது. பருத்த உடம்பும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் கட்டம் போட்ட உடையுமாக வரும் அம்மா, வெள்ளைக் கற்பனை காலங்காலமாக உற்பத்தி செய்த கறுப்பு ஆயாவின் மிச்சம் என்றது.

கீட்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வயதுக் குழந்தைக்குப் படத்திலேயே தெரிகிற நிறத்துக்குத் தனியாகச் சீட்டு எதற்கு, வேண்டுமானால் கையில் பட்டை கட்டிவிடலாமா என்கிற தொனியில் பதில் எழுதினார். நாஜிகள் யூதர்களின் கையில் பட்டை கட்டி இருபத்தைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கேட்டவரோ யூதர்.

இந்த இடத்தில்தான் வாழ்க்கை வரலாறு பிரதிக்குள் நுழைகிறது. 1916இல் புரூக்ளினில், போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். அப்பா உணவகத்தில் பரிமாறுகிறவர். ஓவியம் சோறு போடாது என்று திட்டிக்கொண்டே சாயக்குழாய்களையும் வாங்கி வருகிறவர். அவர் இறந்தபோது பணப்பையில் மகன் பரிசு வாங்கிய செய்தித்தாள் நறுக்குகள் இருந்தன. போர்க்காலத்தில் மகனுக்கு ராணுவத்தில் உருமறைப்பு வடிவங்கள் வரைகிற வேலை. போர் முடிந்ததும், 1947இல், யூத வெறுப்பு நிலவிய வேலைச் சந்தையில் பிழைக்க வேண்டி, தன் பெயரையே காட்ஸிலிருந்து கீட்ஸாக மாற்றிக்கொண்டார். உருமறைப்பு என்ற சொல்லை நான் வலிந்து இழுக்கவில்லை, அதுவாக வந்து உட்காருகிறது. பெயரில் இருக்கும் அடையாளம் ஆளை என்ன செய்யும் என்று அறிந்தவன், தான் வரைந்த சிறுவனுக்கு அந்தச் சுமையைச் சொல்லாக ஏற்ற மறுக்கிறான். இதை வெறும் தாராளவாத மழுப்பல் என்று தள்ளிவிட முடியாது. முழுக்க நியாயப்படுத்தவும் முடியாதுதான்.

சரி, அம்மாவின் உடை? கீட்ஸ் இந்நூலை வெறுமனே வரையவில்லை, ஒட்டினார். பல தேசத்துக் காகிதங்கள், படுக்கைக்கு ஓவியத்துணி, பின்னணிக்குப் பல்துலக்கியால் தெளித்த மை, பனித்துகள்களுக்கு அழிப்பானை வெட்டிச் செய்த அச்சு. அம்மாவின் உடையோ சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கிற மெழுகுத்துணி வகை. ஏழை வீட்டுப் பொருளை எடுத்துப் படமாக்குகிற இந்த முறைதான் நூலின் உண்மையான மொழி. ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதால் அது எழுப்பும் அர்த்தம் மாறிவிடாது. கறுப்பு அம்மாவை அந்த வடிவத்தில் மட்டுமே பார்க்கப் பழகிய சமூகத்தில், மெழுகுத்துணியும் அந்தப் பார்வைக்குள்ளேயே போய் விழுகிறது. லாரிக் சரியாகத்தான் பார்த்தார். கண் மட்டும் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1940இல் 'லைஃப்' இதழில் வந்த, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் கறுப்புச் சிறுவனின் சில புகைப்படங்களை வெட்டிச் சுவரில் வைத்திருந்தார் கீட்ஸ். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவனே பீட்டராகிறான். ஊசியும் மருத்துவமும் கழன்றுவிட்டன. சிவப்பு உடையும் பனியும் மிஞ்சின. வெளியார் பார்வை ஒருவனை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது: அன்போடு, அவனுடைய கதை இல்லாமல். தலித் எழுத்தை யார் எழுதுவது என்று 1990களில் சண்டை போட்ட நமக்கு இது புதிதல்ல.

முதல் நூலில் பனி நகரத்தின் அழுக்கை எல்லாம் மூடிவிடுகிறது. 1969இன் 'காகில்ஸ்!' நூலில் பனி இல்லை. காலி மனை, குப்பை, மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்காகச் சின்னப் பையன்களை மிரட்டுகிற பெரிய பையன்கள். 1971இன் 'அபார்ட்மென்ட் 3'இல் மழை நாளில் இரண்டு சகோதரர்கள் ஒரு வாத்திய ஒலியைத் தேடிக் கட்டடம் முழுக்க அலைந்து, பார்வையற்ற மனிதர் ஒருவரிடம் போய்ச் சேருகிறார்கள். நிறங்கள் இருண்டு போகின்றன. என்னைக் கேட்டால் கீட்ஸின் ஆகச் சிறந்த நூல் இதுதான். பரிசும் அஞ்சல்தலையும் (2017) பனிக்கே கிடைத்தன. நியூயார்க் பொது நூலகம் 2020இல் வெளியிட்ட கணக்கில், அதன் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போனதும் அந்த முதல் நூல்தான், 4,85,583 முறை.

'காகில்ஸ்!' வந்த அதே 1969இல், அதே புரூக்ளினிலிருந்து, பதின்வயதைத் தாண்டாத கறுப்பு இளைஞர் ஜான் ஸ்டெப்டோ 'ஸ்டீவி'யைக் கொண்டுவந்தார். தெருவில் பேசுகிற மொழியிலேயே அவனுடைய சிறுவன் கதை சொன்னான். கீட்ஸின் பையன்களுக்குக் கடைசிவரை கைகூடாத ஒன்று அது. பீட்டர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் ஸ்டெப்டோ வந்தார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கீட்ஸ் 1983இல் இறந்த பிறகு, 1985இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் எண்ணிப் பார்த்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சுமார் 2,500 குழந்தை நூல்களில் கறுப்பர்கள் எழுதியோ வரைந்தோ வந்தவை பதினெட்டு.