ஜோர்ஜ் கீற் ஓவியங்களில் நிலமும் உருவமும்

ஆசிரியரின்றிக் கற்றவர் என்னும் சொல் ஓவியர் ஒருவரைக் குறித்து வழங்கப்படுங்கால் புகழுரையாகவே கொள்ளப்படுகின்றது. அவர் எங்கே கற்றார் என்னும் வினாவை அது மறைத்தும் விடுகின்றது. 1901 இற் கண்டியிற் பிறந்து 1993 இல் மறைந்த ஜோர்ஜ் கீற் கலைக்கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். தூரிகையைக் கருத்துடன் கையிலெடுத்ததும் இருபத்தாறாம் வயதளவிலேயே. அக்காலத்திற் சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சரின் ஊக்கம் அவருக்குக் கிட்டியது. எனினும் அவருடைய பள்ளிகள் வேறு. மல்வத்தை விகாரையின் பிக்குகள், கண்டி நாட்டு விகாரைச் சுவர்ச்சித்திரங்கள், வடமொழிக் காவியங்கள், அச்சுப் பிரதிகளாய்க் கடல் கடந்து வந்த பிக்காசோ முதலியோரின் ஆக்கங்கள் என்பனவே அவை. இவையாவும் ஒருவரிடத்தே ஒருங்கு கூடுதல் எப்பாடத்திட்டத்தாலும் இயலாததொன்று.

இலங்கையின் மலைநாட்டை வரைந்த ஆங்கிலேயர் தொலைவையும் மூடுபனியையும் விரும்பினர். கீற்றின் கைப்பட்டபோது அந்தத் தொலைவு மெல்ல மெல்லக் கரைந்தது. குன்று பின்வாங்கி நிற்பதில்லை. மரத்தோடும் வயலோடும் ஒரே தளத்தில் முன்வந்து நிற்கின்றது. மலைச்சரிவை வரைந்த அதே வளைகோடே பின்னர்ப் பெண்ணின் தோளையும் வரைகின்றது. நிலம் அவருக்குக் காட்சியன்று, மனநிலைக்கு இடம். தமிழ்ப் பொருளிலக்கணம் கற்றவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளின் பொருட்டே நிற்பன என்பது நம்மவர் கொள்கை. கீற் இதனைத் தமிழிலிருந்து பெற்றாரல்லர். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவருக்கு யமுனைக் கரையும் தளிர்ச்சோலையும் இராதையின் பிரிவுத்துயரிலிருந்து பிரிக்கவொண்ணாதனவாயின.

இனி, அருவ ஓவியத்தின்பால் அவர் கொண்ட நிலை ஆராயத்தக்கது. முகத்தின் பக்கத்தோற்றத்தையும் நேர்த்தோற்றத்தையும் ஒரே வரைகோட்டுள் அடக்கும் முறையைக் கியூபிசத்திலிருந்தே அவர் கொண்டார். ஆயின் பிக்காசோவிடத்து உருவைப் பிளக்கும் கோடு, கீற்றிடத்துப் பிளந்தவற்றைத் தொடுத்துச் செல்கின்றது. சீகிரியாவும் அசந்தாவும் அந்தக் கோட்டின் பின்னே நிற்கின்றன. 1943 இற் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வில் அவரோடிருந்த ஜோர்ஜ் கிளாசனும் தாமே பயின்றவர், துறைமுகத்தில் வரைபடப் பணியாற்றியவர், பின்னர் இலண்டன் சென்று உருவைத் துறந்த ஓவியத்தில் நெடுந்தூரம் நடந்தவர். கீற் அவ்வெல்லையை அணுகினாரேயன்றி, அதனைக் கடந்து அங்கே தங்கினாரல்லர். இது துணிவின்மை என்பாருமுளர். அது பொருந்தாது. உருவம் அழிந்தால் உரிப்பொருளுக்குப் பற்றுக்கோடின்றிப் போகும் என்பதே அவர் ஓவியங்களிலிருந்து உய்த்துணரத்தக்கது.

இதனை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா. அவர் அந்நாட்டுத் தூதரக அலுவலராய் 1929 இலும் 1930 இலும் வெள்ளவத்தைக் கடற்கரை வீடொன்றில் வாழ்ந்தார் என்பதை அவ்வூரவரே பலர் அறியார். கீற்றின் ஓவியங்களைப் பாராட்டி அவர் அப்போதே எழுதினார்.

கீற்றை அறிய விழைவோர் பொரளைக் கோதமி விகாரைக்குச் செல்லவேண்டும். வெள்ளவத்தையிலிருந்தாயினும் கொட்டாஞ்சேனையிலிருந்தாயினும் அது சிறு பயணமே. 1939, 1940 ஆம் ஆண்டுகளிற் புத்தர் வரலாற்றை அவர் ஆங்குச் சுவர்களில் தீட்டினார். பேருருவங்கள் நெருங்கி நிற்பினும் நெரிசல் தோன்றுவதில்லை. ஓருருவத்தின் கோடு முடியுமிடத்து மற்றொன்றின் கோடு தொடங்குகின்றது. மரமும் மாந்தரும் ஒரே ஓட்டத்திற் செல்கின்றனர். பயிற்சிக்கூடத்தின் ஒளிநிழற் கணக்கைக் கற்றிருந்தால் இத்துணைத் தட்டையான வண்ணத்தை இத்துணை நம்பிக்கையோடு அவர் பூசியிருப்பாரா என்பது ஐயம்.

ஆயினும் குறையொன்றைக் கூறாது விடுதல் திறனாய்வாகாது. பிற்காலத்து நாயகியர் ஓவியங்கள் பலவற்றில் அந்தக் கோடு வழக்கமாகிவிட்டது. நீண்ட விழியும் வளைந்த கையும் முன்னரே முடிவு செய்யப்பட்டனவாய்த் தோன்றுகின்றன. நிலமோ தோளருகே ஒரு கொடியாகவும் மலராகவும் சுருங்கி அணியளவில் நின்றுவிடுகின்றது. குன்றைப் பார்த்துப் பார்த்து முதற்காலத்திற் பெற்ற கோட்டை, குன்றைப் பாராமலே வரையும் கை அங்குத் தெரிகின்றது. அவ்வோவியங்களே மிகுதியாக விலைபோயின. பலர் அறிந்த கீற்றும் அவையே. கோதமி விகாரைச் சுவரோ பார்ப்பாரின்றிப் பெரும்பாலும் தனித்தே நிற்கின்றது.