கூப்பரானின் ‘புதிர்த் தடைகள்’: தலைப்பும் இசையமைப்பும்

பரோக் காலப் பிரெஞ்சு இசையாசிரியர் பிரான்சுவா கூப்பரான் (1668–1733) ஹார்ப்சிகார்ட் கருவிக்கு எழுதிய தனிப்படைப்புகளுள் ‘லே பாரிகாட் மிஸ்தெரியூஸ்’ பெரிதும் அறியப்பட்ட ஒன்றாகும். 1717ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இரண்டாம் தொகுதியின் ஆறாம் வரிசையில் இது இடம்பெற்றுள்ளது. ‘புதிர்த் தடைகள்’ எனத் தமிழில் கூறத்தக்க இத்தலைப்பின் பொருளை ஆராய்வதிலேயே இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேங்கிவிடுகிறது. பெண்டிர் ஆடை, முகமூடி, வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லை எனப் பலரும் பலவாறு ஊகித்துள்ளனர். கூப்பரானோ 1713ஆம் ஆண்டின் முதல் தொகுதி முன்னுரையில், தம் தலைப்புகள் தாம் கொண்ட கருத்துகளுக்கு ஏற்ப அமைந்தவை என்று மட்டும் கூறி, விளக்கமளிக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். எனவே, சுரங்களையே சான்றாகக் கொண்டு இப்படைப்பை அணுகுதல் தகும்.

ஹார்ப்சிகார்டில் தந்தியை இறகுமுனை மீட்டுகிறது. விரலின் அழுத்தம் ஒலியளவைப் பெரிதும் மாற்றுவதில்லை. எழுந்த ஒலி உடனே தேயத் தொடங்குகிறது. ஆகவே, ஒரு சுரம் எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றைக் கொண்டே இக்கருவியில் உணர்ச்சியைப் புலப்படுத்த வேண்டும்.

கூப்பரான் இவ்வரம்பையே இப்படைப்பின் வளமாக்கினார். நான்கு குரல்களும் விசைப்பலகையின் நடுவிலும் அதற்குக் கீழும் நெருங்கி இயங்குகின்றன. லூட் எனும் நரம்புக்கருவியின் மரபையொட்டி, ஒரு சுரக்கூட்டின் சுரங்கள் ஒருங்கே ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. கீழ்க்குரல் அடுத்த கூட்டிற்குச் சென்ற பின்னரும் மேற்குரல் முந்தைய சுரத்தை விடாது பற்றி நிற்கிறது. அதனால் எழும் முரண் சற்றுப் பிந்தியே தணிகிறது. அது தணியும்போதே வேறொரு குரல் புதிய முரணைத் தோற்றுவிக்கிறது. தடை அகலுமிடத்தில் மற்றொரு தடை முளைக்கிறது. தலைப்பு பன்மையில் அமைந்திருப்பது இங்குக் கருதத்தக்கது.

ரோந்தோ வடிவில் அமைந்த இதில் பல்லவி போன்ற பகுதி மீண்டும் மீண்டும் வர, இடையே மூன்று சரணங்கள் அமைகின்றன. மூன்றாம் சரணமே மிக நீண்டது. அதில் ஒரே சிறு வடிவம் படிப்படியாக இடம்பெயர்ந்து, பல்லவியின் மீள்வரவை நெடிது ஒத்திவைக்கிறது. சுரங்களுக்கிடையே நிகழ்ந்த காத்திருப்பு இங்கு முழுப் பகுதியின் காத்திருப்பாக விரிகிறது.

பியானோவில் இதை வாசிப்போர் சிலர் மேற்குரலை மட்டும் உரக்க ஒலித்து, அதை ஓர் இனிய மெட்டாக்கிவிடுகின்றனர். ஏனைய குரல்கள் பக்கவாத்தியமாகத் தாழும்போது, ஒன்றையொன்று மறிக்கும் ஆற்றலை இழக்கின்றன. இனிமை எஞ்சுகிறது, இறுக்கம் மறைகிறது. மிக மெதுவாக வாசிப்பதும் பொருந்தாது. துடிப்புடன் வாசிக்குமாறு கூப்பரான் குறித்துள்ளார். தடைகளும் விரைவும் ஒருசேர நிற்பதே இப்படைப்பின் தனிப்பண்பு.

இவ்விளக்கம் தலைப்பின் புதிரை விடுவித்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், வெளியிலிருந்து கொணரும் கதைகள் எவையும் விளக்காத ஒன்றை இது விளக்குகிறது: ஓயாது தடுக்கப்படும் இவ்விசை ஏன் ஓரிடத்தும் நிற்பதில்லை என்பதே அது. ஒவ்வொரு தடையும் அடுத்த அசைவுக்குக் காரணமாகிறது. தலைப்பிலிருந்து படைப்புக்குச் செல்வதினும், படைப்பிலிருந்து தலைப்புக்கு வருவதே பயன்மிக்க வழி என்பதற்கு இச்சிறு படைப்பு தக்க சான்றாகும்.