தரிசில் விளையும் டீசல்

சும்மா கிடக்கிற நிலத்தில் டீசல் விளையும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? 2003-ல் திட்டக் கமிஷனின் கமிட்டி கொடுத்த அறிக்கை அப்படித்தான் ஆசை காட்டியது. ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு. 2012-க்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு பயோடீசல். 2009 கொள்கை கெடுவை 2017-க்குத் தள்ளியது. 2018 கொள்கையோ, ஐந்து சதவிகிதம் போதும், அதையும் 2030-ல் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது.

காரணம் சிம்பிள். காட்டாமணக்கு வறட்சியில் சாகாது. ஆனால், சாகாமலிருப்பது வேறு, காய்ப்பது வேறு. மகசூல் வேண்டுமென்றால் அதற்கும் தண்ணீர் விட வேண்டும், உரம் போட வேண்டும். இரண்டும் கிடைக்கிற நிலத்துக்குப் பெயர் தரிசே இல்லையே!

'போகட்டும் சார், எண்ணெய் வராவிட்டாலும் பொட்டல் காடு பச்சையாகுமே, அது லாபம்தானே?' என்பீர்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

நான் படித்தது பி.காம். வரவு எழுதாத இடமெல்லாம் பூஜ்யம் என்று பழக்கப்பட்டவன். தரிசு என்பதும் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை வார்த்தைதான். வெள்ளைக்காரன் ஆட்சியில் வரி வராத நிலத்தையெல்லாம் அந்தத் தலைப்பில் தள்ளினார்கள். நேரில் போய்ப் பாருங்கள். ஆடு மாடு மேய்கிறது. நிலமில்லாதவர் வீட்டு அடுப்புக்கு விறகு கிடைக்கிறது. ஆவாரை பூக்கிறது, கௌதாரி முட்டையிடுகிறது. ராஜஸ்தானில் அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலுக்கு வீடே இந்த மாதிரிப் புல்வெளிதான். புல்லையும் புதரையும் களைந்துவிட்டு ஒரே செடியை வரிசை கட்டி நட்டால், பச்சை நிறம் மட்டும் மிஞ்சும்.

காட்டாமணக்கை நம் கிராமங்களில் எதற்கு நட்டார்கள்? வேலிக்கு. ஏனென்றால், ஆடு மாடு அதில் வாய் வைக்காது. ஆடு தின்னாது என்பதற்காக வேலியில் வைத்த செடியை, ஆடு மேய்கிற நிலத்திலெல்லாம் நடச் சொன்னார்கள்! எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கையும் அப்படியே மாட்டுக்கு வைக்க முடியாது, விஷம்.

சீமைக் கருவேலமும் விறகு தரும் என்றுதான் வந்தது. 2017-ல் அதை அகற்றச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆகவே, 'தரிசு நிலத்தைப் பயன்படுத்தப் போகிறோம்' என்று யாராவது மைக் பிடித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பது யார்?