மேற்கோளும் களவும்

தொல்காப்பியர் மரபியலில் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூற்கு நான்கு வகையும் கூறினார். முன்னோர் வழி நடத்தல் இழிவன்று. வழிநூலை முதனூலெனக் காட்டுதலே இழிவு. பரிமேலழகரும் பிறர் கொண்ட பாடத்தையும் உரையையும் பல இடங்களில் பிறருடையன என்றே சுட்டுகின்றார். தம்மது, பிறரது என்னும் வேறுபாடு நம் உரைமரபிற்குப் புதியதன்று.

இன்று இவ்வேறுபாட்டை ஓர் எண் காக்குமென நம்புகின்றோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த நெறிமுறைப்படி, ஆய்வேட்டின் ஒப்புமை 10 விழுக்காட்டிற்குள் அடங்கின் தண்டமில்லை. 60 விழுக்காட்டைக் கடப்பின் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். இவ்வரம்பு வேண்டுவதே. ஆயினும், மாணவர் இதனாற் கற்பது யாது? பெரும்பாலும், சொல்லை மாற்றி எண்ணைக் குறைக்கும் வித்தையே. ஆங்கிலக் கட்டுரையொன்றன் கருத்தைத் தமிழாக்கித் தமதென எழுதுவார், சொல்லொப்புமை காணும் கருவிக்கு எளிதில் அகப்படார்.

அண்மையில் முதுகலை மாணவர் இருவர் கட்டுரைகளில், சங்கப் பாட்டொன்றன் ஒரே அடியில் ஒரே எழுத்துப்பிழை இருக்கக் கண்டேன். இருவரும் அச்சுப் பதிப்பையே அடிக்குறிப்பிற் காட்டியிருந்தனர். அப்பதிப்பிலோ அப்பிழை இல்லை. இரு சுவடிகளில் பொதுப்பிழை காணப்படின், அவை ஒரு மூலத்தின் வழிவந்தன எனக் கொள்வது பாட ஆராய்ச்சியின் அடிப்படை. அதனையே அவர்க்குப் பாடமாக்கினேன். அவர்கள் எடுத்தாண்ட மின்படியையும் அச்சுப் பதிப்பையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கச் செய்தேன். மேலும் சில பிழைகளை அவர்களே கண்டு திருத்தினர். கடிந்திருப்பின் நாணியிருப்பர், ஒப்புநோக்கியதால் ஆய்வு கற்றனர்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோர் பெயர்கள் முகப்பிலேயே நன்றியுடன் குறிக்கப்பெறுகின்றன. மாணவரோ பாட்டை எடுத்துக்கொண்டு முகப்பை விட்டுவிடுகின்றனர். ஊதியம் கருதாது உழைத்தார் பெயர் அங்ஙனம் மறைகின்றது.

ஆதலின் கற்பிக்க வேண்டுவன மூன்று: கண்ட மூலத்தையே கண்டதாகக் குறித்தல், குறிப்பெடுக்கும் பொழுதே பிறர் தொடரை மேற்கோட் குறிக்குள் இடுதல், பிறர் கருத்தைத் தம் நடையில் எழுதினும் உரியாரைச் சுட்டுதல். இவற்றை முதற்கண் கடைப்பிடிக்க வேண்டியவர் ஆசிரியரே. வகுப்பில் நாம் எடுத்துரைக்கும் கருத்து எவருடையது எனக் கூறாதுவிடின், மாணவரைக் கடியும் உரிமை நமக்கு ஏது?