ராபியா எப்படித் தெரிந்துகொள்கிறாள்?

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. நம்மவர்கள் பலர் ஆபாசம் என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவைத்தார்கள். ‘வீட்டுப் பேச்சையெல்லாம் வெளிய கொண்டுவந்து போட்டுட்டா’ என்பதுதான் நான் கேட்ட பெரிய குற்றச்சாட்டு. அந்தப் பேச்சு யார் காதில் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? ராபியா என்ற சிறுமியின் காதில். பெண்கள் கூடியிருந்து பேசுவதில் பாதி விளங்கி, பாதி விளங்காமல், பயமும் ஆசையுமாக அவள் உடலைப் பற்றி அறிகிறாள். இருத்திவைத்து யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வஹிதாவுக்கோ நிக்காஹ் முடிந்த பிறகுதான் பாடமே தொடங்குகிறது.

ஹல்துமுல்லையில் படிப்பிக்கும் எனக்கு இது தமிழ்நாட்டுக் கதையாக மட்டும் படவில்லை. தோட்டத்துப் பிள்ளை ‘தீட்டு’ என்பாள். நம் பிள்ளை ‘டீச்சர், எனக்குத் தொழுகை இல்ல’ என்பாள். விஞ்ஞானப் புத்தகத்தில் அதுவே ‘மாதவிடாய்ச் சக்கரம்’. மூன்றும் ஒன்றுதான் என்று விளங்காமலே சோதனை எழுதிவிடுகிறார்கள். படத்தில் சூலகத்தைச் சரியாகக் குறிக்கிற பிள்ளைக்குத் தன் வயிற்றில் அது எங்கே என்று தெரியாது. ஹைழுடைய கூடிய நாள் பதினைந்து, விட்ட நோன்பைக் களாச் செய்ய வேண்டும், தொழுகைக்குக் களா இல்லை: எல்லாம் ஒப்புவிப்பாள். இரத்தம் ஏன் வருகிறது என்று கேட்டால் தலை குனிந்துவிடும்.

நம் முன்னோர் இவ்வளவு கூச்சப்பட்டவர்கள் அல்லர். மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் அறபுத்தமிழ் நூலான ‘ஃபத்ஹுத் தையான்’ ஃபிக்ஹுச் சட்டங்களைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதில் ஹைழும் உண்டு, குளிப்புக் கடமையும் உண்டு. கனவில் ஸ்கலிதமானால் பெண்ணுக்கும் குளிப்புக் கடமையா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நாம் கேள்வியை விட்டுவிட்டுக் கூச்சத்தை மட்டும் மார்க்கமென்று பிடித்துக்கொண்டோம்.

நாவலில் எனக்குக் குறையாகப் படுவது ஆண் பிள்ளைகள்தான். வஹிதாவின் துன்பம் விரிகிற அளவுக்கு, அவளுக்கு மாப்பிள்ளையாக வருகிறவன் என்ன அறிந்து வந்தான் என்பது விரியவில்லை. இன்றைய பையன்களுக்கு ஃபோன்தான் உஸ்தாத்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்கு ஆகக்குறைந்த வயதென்று ஒன்றை வைக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்தவளென்றால் காதியின் அனுமதி வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஓ.எல். எழுதியதும் கலியாணம் பேசப்படும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அடுத்த உம்மாமார் கூட்டத்தில் வஹிதா வரும் பக்கங்களை வாசித்துக் காட்ட எண்ணியிருக்கிறேன். ஒரு மௌலவியும் குடும்பநல உத்தியோகத்தரும் கூட இருந்தால் நல்லது.