நாளும் பாட்டும்: மனுஷ்ய புத்திரனின் முகநூற் கவிதைகள்

நாள்தோறும் பாடும் புலவரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பது வழக்கு. இன்று நம் கையில் இருப்பன ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறே. அவையும் தாமாக வந்து எய்தியவை அல்ல. நீதித்துறையில் பணியாற்றிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை அரிதின் முயன்று ஏடு திரட்டியமையாலும், அவர்தம் மைந்தர் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை அவற்றை ஆராய்ந்து உரை கண்டமையாலும் எய்தியவை. பாடிய நாள் அறியப்படாமையின் பாடல்கள் தலங்களின்கீழ் அடைவு பெற்றன. தணிகைப் பாட்டு என்றால் இடம் தெரியும், காலம் தெரியாது. பத்திப் பாடலுக்கு இது பேரிழப்பன்று. நிகழ்ச்சியைப் பாடும் பாட்டுக்கோ நாள் போயின் பொருளே போகும். இதனை இக்காலக் கவிஞர் ஒருவரின் முகநூற் கவிதைகளைக் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

மனுஷ்ய புத்திரன் என்னும் புனைபெயருடைய எஸ். அப்துல் ஹமீது 1968-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்தார். இளமையில் இளம்பிள்ளைவாதம் தாக்க, நடக்கும் ஆற்றலை இழந்தார். 'கால்களின் ஆல்பம்' என்னும் அவர் கவிதையை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகப் படித்து, இரங்கி அமைவார் உளர். அங்ஙனம் படித்தல் கவிதைக்குச் செய்யும் நன்றியன்று என்பது எம் துணிபு. பதின்பருவத்திலேயே, 1983-இல், முதல் தொகுதி வெளிவந்தது. 'என் படுக்கையறையில் யாரோ ஒளிந்திருக்கிறார்கள்' 1993-இலும், 'இடமும் இருப்பும்' 1998-இலும், 'நீராலானது' 2001-இலும் வந்தன. காலச்சுவடு இதழின் ஆசிரியப் பணியில் இருந்தவர், 2003-இல் உயிர்மை இதழைத் தொடங்கினார்.

இவ்வாண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். முதல் நூலுக்கும் இரண்டாவதற்கும் இடையே பத்தாண்டு; அடுத்ததற்கு ஐந்தாண்டு; அதற்கடுத்ததற்கு மூன்றாண்டு. முகநூலில் எழுதத் தொடங்கிய பின்னரோ ஒரு நாளில் ஒரு கவிதை, சில நாள்களில் பல கவிதைகள். கனடாவில் வாழும் ரூபி கௌர் போன்றோர் இணையத்தில் பெயர் பெற்றுப் பின்னர் நூலுக்கு வந்தவர்கள். அவர்தம் 'மில்க் அண்ட் ஹனி' 2014-இல் முதலில் தம் செலவிலேயே வெளியிடப்பட்டது. நம் கவிஞர் வந்த வழி இதற்கு நேர்மாறானது. இதழும் பதிப்பகமும் தம் கையில் இருக்கவே, அச்சுக்குக் காத்திராத மேடையைத் தேர்ந்துகொண்டார். ஆதலின் வெளியிட வாய்ப்பின்மையால் இணையத்தை நாடினார் என்னும் எளிய விளக்கம் இவர்க்குப் பொருந்தாது.

அவர் நாடியது வேறு வகை வாசகரை என்று கருதுகின்றோம். சிற்றிதழ்க் கவிதைக்கு வாசகர் மிகச் சிலரே. அவருள்ளும் பலர் தாமே எழுத்தாளர். திருத்தணிக்கு அணித்தாய் ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பம் போன்ற நெசவாளர் ஊரில் அத்தகைய இதழ் வேண்டின், சந்தா கட்டி அஞ்சலில் வரவழைத்தல் வேண்டும். 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நாட்டின் எல்லை மாறிற்று. இலக்கிய இதழ்களின் எல்லை மாறவில்லை. அதனை மாற்றியது கைப்பேசி. தறியை விட்டெழுந்த ஒருவர், காலையில் எழுதப்பட்ட கவிதையை அன்று மாலையே படிக்கலாம். ஒரு சொல் மறுமொழியும் கூறலாம். கவிஞரும் அதனைப் படிக்கக் கூடும் என்பது சிறு செய்தியன்று.

இனி, விரைந்து பாடுதலின் இவரை ஆசுகவி எனலாமோ எனின், ஆகாது என்போம். ஆசுகவி பிறர் கொடுத்த பொருளை யாப்பினுள் அடக்கிப் பாடுபவன். காளமேகத்தின் தனிப்பாடல்களைக் காத்தவை இரண்டு: யாப்பு நினைவிற்கு உதவிற்று, பாட்டோடு சொல்லப்பட்ட கதை பொருளுக்கு உதவிற்று. முகநூற் கவிதைக்கு யாப்பில்லை. எஞ்சியிருப்பது கதை ஒன்றே. அக்கதை நாட்குறிப்பில் அடங்கியுள்ளது.

ஒரு சான்று காட்டுவோம். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. சபரிமலையில் எல்லா அகவைப் பெண்டிரும் புகலாமோ என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைத்திருந்த காலம் அது. வெள்ளத்தை அவ்வழக்கோடு பிணைத்துத் தெய்வச் சினம் எனப் பேசினோர் இருந்தனர். அவ்வேளையில் 'ஊழியின் நடனம்' என்னும் கவிதையை மனுஷ்ய புத்திரன் எழுதினார். அது தெய்வத்தை இழிவுபடுத்துவது என அரசியல் தலைவர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். கவிஞர்க்கு மிரட்டல்கள் வந்தன. அவர் காவல்துறையில் முறையிட நேர்ந்தது. தீர்ப்பு வந்ததோ செப்டம்பர் 28-இல். ஐம்பதாண்டு கழித்து இக்கவிதையை நாளின்றி ஒரு தொகுதியில் காணும் மாணவர், தீர்ப்பின்பின் எழுந்த பூசலில் பிறந்தது இது எனக் கொள்வது இயல்பே. அங்ஙனம் கொள்ளின், வழக்கு முடியுமுன் எழுந்த குரல் முடிந்தபின் எழுந்த குரலாகிவிடும். கவிஞர் மறுத்துரைத்தது எதனை என்பதும் மறையும். இரண்டு திங்கள்கூட இல்லாத இடைவெளி பொருளையே திருப்பிவிடுகின்றது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் பாடினார், பாடப்பட்டார், பாடிய சூழல் கூறும் பழங்குறிப்புகள் இல்லையாயின், பல பாடல்கள் யாரை நோக்கி எழுந்தன என்பதே விளங்கியிராது அன்றோ?

இவ்வாறு கூறுவதால் நாட்கவிதைகள் யாவும் சிறந்தன என்றாகாது. முன்னைத் தொகுதிகளில் சொல்லை அடுக்கிச் செல்லும் முறை ஒரு வலியை மேன்மேலும் ஆழ்த்தும் கருவியாயிருந்தது. முகநூற் கவிதைகள் பலவற்றில் அது பழகிய கையின் ஓட்டமாய் நின்றுவிடுகின்றது. முதல் நான்கடி படித்தவர்க்கு இறுதியடி முன்னரே தெரிந்துவிடுகின்றது. காதல் பற்றியவற்றில் இக்குறை மிகுதி. அரசியல் நிகழ்ச்சி பற்றியவற்றில் குறைவு. நிகழ்ச்சி தன் கூர்மையை வரிக்குத் தந்துவிடுவதே காரணமாகலாம். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கவிதையின் தரம் கூறுவாரோடு வாதிடுதல் வீண்.

ஆயினும் மெலிந்தவற்றை நீக்கி நல்லனவற்றை மட்டும் தொகுத்தால் போதும் என்பார் கூற்றை யாம் உடன்படோம். நாட்கவிஞரின் மெலிந்த பாட்டும் அவர் அன்று எதனைக் கண்டு வாளாவிருக்க இயலாதவரானார் என்பதற்குச் சான்று. முதுகலை மாணவர் செய்தற்குரிய பணி இங்கு மிகுதியும் உண்டு. முகநூல் ஒரு பதிவில் செய்யப்பட்ட திருத்தங்களின் வரலாற்றையும் காட்டவல்லது. எனவே பாட வேறுபாடு காண ஓலைச்சுவடி தேடி அலைய வேண்டுவதில்லை. பதிவு நீக்கப்பட்டாலோ அவ்வரலாறும் உடன் அழியும். ஆகவே ஒவ்வொரு கவிதைக்கும் முதற்பதிவின் நாள், திருத்திய நாள், நூலில் ஏறிய வடிவம் ஆகிய மூன்றனையும் ஒப்பிட்டு இன்றே குறித்தல் வேண்டும். 2018 ஆகஸ்டுக் கவிதைகளிலிருந்து தொடங்கலாம்.